பழைய நட்சத்திரம் போதாதா?

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



ஜனவரி முதல் வாரம். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் அன்று ராத்திரி, என் பையை நான் திறப்பதற்கு முன்பே நாலு பேர் திறந்துவிடுவார்கள். உள்ளே ஒரு பழைய பிஸ்கட் டின். டின் நிறைய முந்திரிக்கொத்து. முதல் வருஷம் ஒரு மதுரைக்கார நண்பன் மூன்று கொத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "எல்லாம் சரிடா, முந்திரி எங்கடா?" என்று கேட்டான். ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துவிட்டான் பாவம்!

முந்திரிக்கொத்தில் முந்திரிப் பருப்பு கிடையாது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டப் பேச்சில் முந்திரி என்றால் திராட்சைக்கும் பெயர். கொடிமுந்திரி என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதுதான். சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்துப் பொடித்து, தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்து, எள்ளு, சுக்கு, ஏலக்காய் சேர்த்து, கருப்பட்டிப் பாகையோ வெல்லப் பாகையோ ஊற்றிச் சூடு ஆறும் முன்னே உருட்ட வேண்டும். கை பொறுக்காது. மறுநாள் உருண்டை இறுகியதும், மஞ்சள் தூள் போட்ட அரிசி மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டித் தேங்காய் எண்ணெயில் போட்டு எடுத்தால் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். அதனால் அந்தப் பெயர். அம்மா இதை விற்பனைக்கும் செய்வாள். டிசம்பர் 15 தாண்டினால் எங்கள் வீட்டு அடுப்பு ராத்திரி பதினோரு மணிக்கு முன் அணையாது. என் முதல் செமஸ்டர் பரீட்சைக் கட்டணம் அந்த அடுப்பிலிருந்துதான் வந்தது.

டின்னைக் கையில் கொடுக்கும்போது அம்மா சொல்லும் ஒரே புத்திமதி, "மக்களே, டின்ன மறந்துராத, கொண்டு வா." நல்லாப் படி என்றோ, ஒழுங்காக இரு என்றோ சொல்லமாட்டாள். டின்தான் முக்கியம்! எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதே டின். மூடியில் இருந்த படம் தேய்ந்துபோய் வெறும் தகரம் தெரிகிறது.

பலகாரத்தைச் சொல்லி ஆளை இழுத்துவிட்டு என்னமோ சொல்ல வருகிறான் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆமாம், நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்ல வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு நட்சத்திரம் இருந்தது. என் பாட்டா கட்டியது. பாட்டா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்தவர். அப்பாவும் அதே வேலைதான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி உள்ளே நுழைந்த முதல் ஆள் நான். பாட்டா பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தவரில்லை. ஆனால் அவர் நட்சத்திரம் கட்டும் முறையை இப்போது நினைத்தால் எனக்கு நம் டிராயிங் ஹால் ஞாபகம் வரும். ஒரே நீளத்தில் பத்து மூங்கில் பிளாச்சு. ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் ஒரு நட்சத்திரம். இன்னொரு ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவில் உள்ள ஐந்து முக்கில் சாண் நீளக் குச்சி ஐந்தைச் செருக வேண்டும். தட்டையாகக் கிடந்தது புடைத்துக்கொண்டு எழுந்து நிற்கும். உள்ளே பல்பு தொங்க இடம் கிடைக்கும். ஆணி கிடையாது, கம்பி கிடையாது, வெறும் சணல் கயிறு.

நவம்பர் கடைசியில் அதைப் பரணிலிருந்து இறக்குவோம். போன வருஷத்துக் கிழிந்த காகிதத்தை உரித்து, தளர்ந்த கட்டை இறுக்கி, மைதாப் பசை காய்ச்சி, புது வண்ணக் காகிதம் ஒட்டுவோம். சிவப்பா மஞ்சளா என்று எனக்கும் தங்கச்சிக்கும் சண்டை நடக்கும். வருஷா வருஷம் மாறுவது காகிதம் மட்டும்தான். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 முடிந்ததும் மறுபடி பரண்.

குடிலும் அப்படித்தான். எங்கள் பக்கம் புல்கூடு என்றும் சொல்வோம். சிமெண்ட் சாக்குக் காகிதத்தை நனைத்துக் கசக்கினால் மலை. சிரட்டையில் கேழ்வரகு விதைத்து முளைக்க வைத்தால் புல்வெளி. சொரூபங்கள் ஒரு பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கும். ஒரு ஆட்டுக்கு முன்னங்கால் கிடையாது, கேழ்வரகுக்குள் ஒளித்து நிறுத்துவோம். சொரூபங்களைச் சுற்றியிருக்கும் பத்திரிகைத் தாள்கள் 2004-ஆம் வருஷம் டிசம்பர் மாசக் கடைசித் தாள்கள். 26-ஆம் தேதி சுனாமி வந்து, குளச்சல் பக்கமும் மணக்குடிப் பக்கமும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்த வீடுகளே போய்விட்டன. நான் அப்போது பிறக்கவில்லை. அந்த ஜனவரியில் குடிலைப் பிரித்த பாட்டா கையில் கிடைத்த தாளில் சுற்றி வைத்திருக்கிறார். அப்புறம் அந்தத் தாளை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. மாதாவை வெளியே எடுக்கும்போதெல்லாம் அந்தப் படங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் மடித்து வைப்போம்.

சரி, இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

2023-இல் நான் இங்கே முதலாம் ஆண்டு. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது எனக்குள் ஒரு பெரிய மனுஷன் புகுந்திருந்தான். விடுதி நண்பர்கள் இரண்டு பேர் 26-ஆம் தேதி வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டு வாசலில் அந்த மூங்கில் நட்சத்திரம் தொங்குவதை அவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அக்கம் பக்கத்தில் எல்லோர் வீட்டிலும் கடையில் வாங்கிய பளபள நட்சத்திரம். முன்னூற்று ஐம்பது ரூபாய் கொடுத்து நானும் ஒன்று வாங்கினேன். பணம் அம்மாவின் பலகாரக் காசு. பழைய சட்டத்தைக் கீழே இறக்கி, முழங்காலில் வைத்து முறித்து, அடுப்படியில் போட்டேன். பரணில் இடம் அடைக்கிறது என்று காரணமும் சொன்னேன். அப்பா முற்றத்தில் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஏறிட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் வந்த வினை! அம்மா மட்டும், "நல்லாக் காஞ்ச மூங்கில், சட்டுனு பிடிக்கி" என்றாள். அந்த வருஷ முந்திரிக்கொத்து அந்தத் தீயில் வெந்ததுதான். நீங்களும் தின்றீர்கள்.

23-ஆம் தேதி ராத்திரி மழை. கடை நட்சத்திரம் மடித்து விரிக்கிற அட்டை. காலையில் பார்த்தால் ஒரு பக்கம் பிரிந்து நாக்கு மாதிரி தொங்குகிறது. ஒட்ட முயன்றேன், ஊறின அட்டை பிய்ந்துகொண்டு வந்தது. அதற்குள்ளே சட்டமும் இல்லை, கட்டும் இல்லை, எதைப் பிடித்து ஒட்டுவது? அன்று மழையால் அப்பாவுக்கு வெட்டும் இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. இன்னொரு நட்சத்திரம் வாங்கித் தா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் ராத்திரி எங்கள் வாசலில் வெறும் பல்பு எரிந்தது. 26-ஆம் தேதி வருவதாகச் சொன்ன நண்பர்கள் வரவே இல்லை, பஸ் கிடைக்கவில்லையாம்!

இது என் வீட்டுச் சங்கதி. நம் விடுதிச் சங்கதியும் இதற்குக் குறைந்ததில்லை.

2024 டிசம்பரில் பேரவை சார்பில் விடுதியில் கிறிஸ்துமஸ் விழா நடந்தது உங்களுக்குத் தெரியும். தலைக்கு நூறு ரூபாய் வசூல். விழா நன்றாகத்தான் நடந்தது, குறை சொல்லவில்லை. எல்லா மதத்துப் பையன்களும் சேர்ந்து பாடினோம், கேக் வெட்டினோம். ஆனால் மறுநாள் காலை மெஸ்ஸுக்குப் பின்னால் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? தெர்மோகோல் நட்சத்திரம், தெர்மோகோல் எழுத்துக்கள், ஜிகினாத் தோரணம், ஒன்பது சீரியல் செட், எல்லாம் ஒரே குவியல். கூட்டிப் பெருக்குகிற அக்கா அதற்குத் தீ வைத்தார்கள். கருகருவென்று புகை. அவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சீரியல் செட்டுகளை மட்டும் நான் உருவி எடுத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்லட்டுமா? அலங்காரத்துக்குத் தெர்மோகோல் பயன்படுத்துவது நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. மத்திய அரசு 2021-இல் திருத்திய பிளாஸ்டிக் கழிவு விதியில் அது தெளிவாக இருக்கிறது. நம் நோட்டீஸ் போர்டில் பிளாஸ்டிக் ஒழிப்புப் பற்றி அழகான ஓவியம் இருக்கிறது. அதற்கு மேலேதான் தெர்மோகோல் எழுத்துக்களை ஒட்டினோம்!

இப்போது சீரியல் செட்டுக்கு வருகிறேன். நம் துறை சமாச்சாரம், கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதியுங்கள்.

எங்கள் வீட்டில் பழைய காலத்துக் குண்டு பல்பு சீரியல் ஒன்று உண்டு. நாற்பது பல்பு தொடர் இணைப்பில். 230 வோல்ட்டை நாற்பது பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 5.75 வோல்ட். ஒன்று போனால் எல்லாம் போச்சு. அப்பா செத்துப்போன பல்பைத் தேடிப் பிடித்து வெட்டி எடுத்துவிட்டு வயரை முறுக்கிச் சேர்த்துவிடுவார். மறுபடி எரியும். அடுத்த வருஷம் இன்னொன்று. ஒவ்வொரு வருஷமும் செட் குட்டையாகிக்கொண்டே வந்தது, வெளிச்சம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது. "பழசாக ஆக நல்லா எரியுதுலே" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் அது ஒரு அதிசயம்தான். இரண்டாம் செமஸ்டரில் ஓம் விதிக் கணக்குப் போடும்போது பட்டென்று உறைத்தது. முப்பத்தைந்து பல்பு ஆனால் ஆளுக்கு 6.57 வோல்ட். தாங்க வேண்டியதற்கு மேலே தாங்குகிறது, அதனால் பிரகாசம், அதனாலேயே சீக்கிரம் சாவு. வெட்டி எடுக்கக் கூடாது, அதே வோல்ட் பல்பை அந்த இடத்தில் வைக்க வேண்டும். ஊருக்குப் போய் அப்பாவிடம் கணக்கைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ இருபது வருஷமா நான்தான் அத கொன்னுட்டு இருந்தேனா?" என்றார். படித்ததைக் கொண்டு நான் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம் அதுதான்.

மெஸ்ஸுக்குப் பின்னாலிருந்து எடுத்த ஒன்பது செட்டும் எல்.இ.டி. லேபில் வைத்து மல்டிமீட்டரால் சோதித்தோம். ஐந்து உயிர் பிழைத்தன. மூன்றில் பிளக் பக்கத்தில் வயர் அறுந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டில் ஒரு வரிசை மட்டும் எரியவில்லை, நடுவில் ஒரு இணைப்பு விட்டிருந்தது, சால்டர் வைத்ததும் சரியானது. ஒரு நாள் சாயங்கால வேலை. (தயவு செய்து பிளக்கைப் பிடுங்காமல் யாரும் இந்த வேலையில் இறங்காதீர்கள். சீரியல் தானே, சின்ன பல்பு தானே என்று நினைக்கக் கூடாது. வயரில் ஓடுவது அதே 230 வோல்ட்.)

இதையெல்லாம் சொன்னால் சில நண்பர்கள் சிரிக்கிறார்கள். "கஞ்சத்தனத்துக்கு எதுக்குடா கணக்கு?" என்கிறார்கள். அவர்களுக்காக நூலகத்தில் தேடிக் கொஞ்சம் படித்தேன். கிறிஸ்துமஸ் மரத்தில் முதன்முதலாக மின்விளக்கு மாட்டியது 1882-இல், நியூயார்க்கில். மாட்டியவர் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன். எண்பது பல்பு, ஒவ்வொன்றும் கையால் வயர் இழுத்து இணைத்தது. ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் 1830-களில் ஒரு விடுதிப் பள்ளியில் வடிவியல் பாடத்துக்காக மாணவர்கள் காகிதத்தில் பல முனை நட்சத்திரம் செய்தார்கள். மொரேவிய சபையாரின் நட்சத்திரம் என்று உலகம் முழுக்கத் தொங்குவது அதிலிருந்து வந்ததுதான். பிற்பாடு ஹெர்ன்ஹூட் என்ற பக்கத்து ஊரில் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, அடுத்த வருஷம் மறுபடி மாட்டுகிற மாதிரி செய்துவிட்டார்கள். விடுதிப் பையன்கள், வடிவியல் பாடம்! நம்மை மாதிரி ஆட்கள்தானே? அவர்கள் செய்தால் பாரம்பரியம், நாம் செய்தால் கஞ்சத்தனமா?

இன்னொரு கேள்வியும் வந்தது, அது நியாயமான கேள்வி. எல்லோரும் பழசையே மாட்டினால் டிசம்பரில் ரோட்டோரம் நட்சத்திரக் கடை போடுகிறவன் என்ன செய்வான்? அவனுக்கும் பண்டிகை அந்த ஒரு மாச வியாபாரம்தானே? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பழைய சட்டத்துக்கும் வருஷா வருஷம் காகிதம் வேண்டும், பசைக்கு மாவு வேண்டும், பல்பு, ஹோல்டர் வேண்டும், அதை அவனிடமே வாங்கலாம். ஆனாலும் நாலு நட்சத்திரம் விற்கிற இடத்தில் ஒன்று குறையும்தான், மறுக்கவில்லை.

வறுமையைப் புகழ்வதற்காகவும் இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் பழசை வைத்துக்கொண்டது கொள்கையினால் அல்ல, வேறு வழி இல்லாததால். பாட்டாவிடம் காசு இருந்திருந்தால் அவரும் புதுசு வாங்கியிருப்பாரோ என்னவோ. என் தங்கச்சிக்கு வருஷத்துக்கு ஒரு புதுச் சட்டை கிறிஸ்துமஸுக்குத்தான், அதையும் பழசு போதும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்வது வேறு. விடுதியில் நாம் முந்நூறு பேர். நம்மில் பாதிப் பேர் என்னைப்போல் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். பழைய பொருளைப் பார்த்தால் நமக்கு வருகிற கூச்சம் இருக்கிறதே, அது பொருளைப் பற்றியது அல்ல, நம் வீட்டைப் பற்றியது. அந்தக் கூச்சத்தை மறைக்கத்தான் தலைக்கு நூறு ரூபாய் கொடுத்தோம். அந்த நூறைக் கொடுக்க முடியாமல் விழா அன்று தலைவலி என்று அறையில் படுத்துக்கொண்ட ஒருவனை எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். அவனுக்குக் கேக் கொண்டு போய்க் கொடுத்தது நான்தான்.

அதனால் 2025 நவம்பரில் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன். அலங்காரப் பொருளுக்கு வசூல் வேண்டாம், இருப்பதைச் சரி செய்து மாட்டுவோம், விழா முடிந்ததும் எரிக்காமல் எடுத்து வைப்போம். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. தலைவர் அண்ணன்தான், "செஞ்சுதான் பார்ப்போமே" என்றார். மெக்கானிக்கல் தம்பிகள் இரண்டு பேர் மூங்கிலுக்குப் பதில் ஜி.ஐ. கம்பியில் சட்டம் செய்யலாம் என்றார்கள். நான் மூங்கில்தான் என்று பிடிவாதம் பிடித்தேன். கடைசியில் இரண்டுமே செய்தோம். மூங்கில் பிளாச்சு சீவ எனக்கு வரவில்லை. கையைக் கிழித்துக்கொண்டேன். சனி ஞாயிறுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன். "எதுக்குலே?" என்றார். காலேஜுக்கு என்றேன். பத்துப் பிளாச்சு, ஐந்து குச்சி, ஒரே நீளத்தில் சீவிச் சணலில் கட்டிக் கொடுத்தார். பிறகு இன்னொரு பத்தை எடுத்து வைத்துச் சீவ ஆரம்பித்தார். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வாசலில் தொங்கியது அதுதான். தங்கச்சி சொன்ன மஞ்சளே ஒட்டினோம்.

விடுதி விழாவில் தலைக்கு முப்பது ரூபாய்தான் ஆனது, அதுவும் கேக்குக்கு. புகைப்படத்தில் கம்பி நட்சத்திரம் கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது, மெக்கானிக்கல் தம்பிகள் மன்னிக்கவும்!

ஏப்ரலில் நான் போய்விடுவேன். இளைய தம்பி தங்கைகளுக்காக விவரத்தை இங்கேயே எழுதி வைக்கிறேன். விடுதி ஸ்டோர் ரூமில் ஜன்னல் ஓரம் ஒரு பச்சை டிரங்குப் பெட்டி. சாவி வார்டன் சாரிடம். உள்ளே ஐந்து சீரியல் செட், ஒவ்வொன்றும் அட்டையில் சுற்றி, எது எந்த வருஷம் ரிப்பேர் ஆனது என்று எழுதியிருக்கிறது. இரண்டு நட்சத்திரச் சட்டம் பெட்டிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது, மேலே கனமான எதையும் சாய்க்க வேண்டாம். குடிலுக்கான சொரூபங்கள் இன்னும் இல்லை. அட்டையில் வெட்டியதுதான் இருக்கிறது. சிவப்புக் காகிதம் தீர்ந்துவிட்டது, மஞ்சள் நாலு தாள் மிச்சம். மூங்கில் சட்டத்தின் கீழ் முனைக் கட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, நவம்பரில் இறக்கும்போது ஒரு தடவை இறுக்கிவிடுங்கள்.

பிஸ்கட் டின் என் அறையில்தான் இருக்கிறது. போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.